மழைக் கண்ணாடிப் படத்துக்கு அம்மாவின் அறிவிப்பு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றி அவரே தனியாக எழுதிக்கொள்ளட்டும், நான் எழுதினால் வலியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வருவார். போன வாரம் உன் அக்கா பிள்ளைகளோடு வந்துபோனாள், வீடு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் அறை ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்தார்களா என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

நீ எடுத்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. பொதுமக்களுக்குப் புரியாது, விளக்கக் குரல் சேர்த்தால்தான் திரையிடுவோம் என்று அரங்கத்தார் சொல்லிவிட்டார்கள், அந்தக் குரல் உன்னுடையதாக இருக்கட்டும் அம்மா என்று எழுதியிருந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்து நிலையத்து மைக்கில் எந்த வண்டி எந்த நடைமேடை என்று கத்திக்கொண்டிருப்பவளுக்குப் படத்தில் பேச வாய்ப்பென்றால் சும்மாவா, அப்பா கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். பதிவு செய்யும் முன் நாலு பேர் முன்னால் படித்துப் பார்க்கலாமென்று டிப்போ ஓய்வறை டிவியில் படத்தைப் போடச் சொன்னேன். டிரைவர்கள், கேன்டீன் அக்கா, மெக்கானிக் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்தது. மழை வழியும் கண்ணாடி, அதற்கு அப்பால் கலங்கிய வெளிச்சங்கள், வேறு ஒன்றுமில்லை. இந்தத் துளிகள் சிதறும் நினைவுகளைக் குறிக்கின்றன, இந்தச் சிவப்பு பிரிவின் வலியைக் குறிக்கிறது என்று அரங்கத்தார் எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். எல்லோரும் வகுப்பில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி தலையாட்டினார்கள், இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். பாதியில் நைட் டிரைவர், "அக்கா, கோச்சுக்காதீங்க, நீங்க கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னா நாங்க பாத்துக்குவோம்" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

சரியென்று முதலிலிருந்து போட்டோம். சத்தமே வராததைப் பார்த்து மெக்கானிக் எழுந்து டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை ஆட்ட ஆரம்பித்தார். வாய்ப் பழக்கம், மைக் இல்லாமலே அறிவித்துவிட்டேன், இந்தப் படத்தில் ஒலி கிடையாது, அது பழுதல்ல, பன்னிரண்டு நிமிடம் ஓடும், நடுவில் போக வேண்டியவர்கள் போகலாம் என்று. அறை அடங்கிவிட்டது. வண்டி எடுக்க வேண்டிய ஒருவர் மட்டும் பாதியில் போனார், அவரும் மறுநாள் வந்து கடைசியில் என்னாச்சு என்று கேட்டார். விடியற்காலையில் கண் சொக்கும்போது ரோடு இப்படித்தான் தெரியும், எனக்குப் பயமாகிவிட்டது என்றார் நைட் டிரைவர். அடுப்படி ஜன்னலில் ஆவி படிந்த மாதிரி நிம்மதியாக இருந்தது என்றாள் கேன்டீன் அக்கா. வைப்பரைப் போட்டால் தீர்ந்தது என்றார் மெக்கானிக். பயமா நிம்மதியா என்று டீ ஆறும்வரை வாதம் நடந்தது.

நானும் யோசித்தேன். எந்த வண்டி, எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்வதுதான் என் வேலை, ஏறத் தயங்குகிறவருக்கு அது வேண்டும். ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்ப்பது என்று எந்தப் பயணியிடமும் நான் சொன்னதில்லை. அதனால் அந்த விளக்கத்தை நான் படிக்கப்போவதில்லை கண்ணு. ஆசை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஓய்வறையில் சொன்னதை மட்டும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன், படத்துக்கு முன்னால் இதைப் போடலாமா என்று அரங்கத்தாரைக் கேட்டுப்பார். மாட்டோமென்றால் முடிவு உன்னுடையது, படம் திரைக்கு வராமல் போனால் எனக்கும் வயிறெரியும், ஆனாலும் விளக்கம்தான் வேண்டுமென்றால் வேறு குரல் பார்த்துக்கொள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வீட்டில் போட்டுப் பார்த்தபோதெல்லாம் எந்த இடத்தில் எந்த வரி என்று என் கண் தாளிலேயே இருந்தது. ஓய்வறையில்தான் கடைசிவரை திரையைப் பார்த்தேன். முடியப்போகும் நேரத்தில் எதிரே ஒரு வெளிச்சம் வர, கண்ணாடியில் ஒரு நொடி உன் முகம் தெரிந்தது. மெலிந்திருக்கிறாய், கண்ணும் வீங்கியிருந்தது. ஏன் என்று கேட்கமாட்டேன், விளக்கம் வேண்டாமென்று நானே சொல்லியாகிவிட்டது.

உடம்பும் மனசும் நன்றாயிருந்து, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். கழுத்தைச் சுற்றித் துணி இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், இந்தத் தடவை நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா