குளத்தடி வீடு

9 மார்ச் 2024
கடையில் அரிசி மூட்டை இறக்கி இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போயிற்று. ஸ்தேனில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், மகள் துஷாந்தி ஒரு செக் நாட்டுப் பெடியனோடு சாப்பாட்டு மேசையில் இருக்கிறாள். பெயர் ஒந்த்ரே. கலியாணம் செய்யப் போகிறார்களாம். மனைவி றஜனிக்கு எல்லாம் முன்பே தெரியும். தகப்பனுக்குத்தான் கடைசியில்.

ஒன்றே ஒன்று கேட்டேன்: எந்த ஊர்? பிராக் என்றான். அது பட்டணம், உன் தகப்பனுடைய ஊர் எது என்றேன். ஸ்தாரா லூக்காவாம். எல்லைப்பக்கம், மலையடிவாரம். ஒரு ஓடை, ஓடையோடு ஒரே தெரு, நடுவில் குளம், குளத்தடியில் பூசைக்குச் சாமியார் வராத வேதக்கோயில். அந்தக் குளத்து மீனைத்தான் மார்கழி நத்தார்ப் பெருநாளுக்குத் தின்பார்களாம். கடலைக் கண்ணால் காணாத சனம். மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்த எனக்கு இப்படி ஒரு சம்பந்தம்.

12 மார்ச்
ஊர்ப்பெயர் தெரிந்தால் போதுமா? விசாரிக்க வேண்டாமா? தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஐயா அந்த ஊர்த் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்து, குடும்பத்தின் அடிநுனி எல்லாம் அறிந்துகொண்டுதான் வந்தார். வெள்ளைக்காரன் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதா?

முதலாளி யோகநாதனின் மச்சான் கிறிஸ்தோப்பர் பிராக்கில் ஒரு றெஸ்ரோறன்டில் வேலை. எங்கள் ஆட்கள் இல்லாத இடம் எது? ஞாயிறு லீவு, காரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். றஜனிக்குச் சொல்லவில்லை.

17 மார்ச்
கிறிஸ்தோப்பர் எனக்கு ஃபோன் எடுத்தான். குளத்தடியில் காரை விட்டு, வேலியோரம் நின்ற அயல்வீட்டுக் கிழவியிடம், தனக்குத் தெரிந்த செக்கில், ஒந்த்ரே ஆட்களின் வீடு யாருடையது, எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று கேட்டானாம். கிழவி வேலியை விட்டுப் பின்னால் போனாளாம். ஜெர்மன்காரரா உன்னை அனுப்பினார்கள் என்றாளாம்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அது ஜெர்மன் பேசும் சனத்தின் ஊர். ஊருக்குப் பெயரே வேறு. போர் முடிந்ததும் கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கவிட்டு எல்லாரையும் ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். வெறும் வீடுகளுக்குக் கிழக்கிலிருந்து புதுச்சனம் வந்தது. ஒந்த்ரேயின் பாட்டனும் அப்படி வந்தவன்தான். கட்டில், அலுமாரி, கோப்பை எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்ததாம்.

அடுத்தவன் கட்டிலில் படுத்தெழும்பின குடும்பம். நாங்கள் தொண்ணூறுச் சண்டையில் உடுத்த உடுப்போடு ஓடினோம். ஆமி திரும்பிப் போய்ப் பார்க்க விட்டபோது ஓடில்லை, நிலையில்லை, கதவில்லை, கிணறு மட்டும் இருந்தது. என்ரை கதவை ஆரோ ஒருத்தன் தன்ரை வீட்டிலை பூட்டிப்போட்டு நிம்மதியாப் படுக்கிறான். அவனுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்? இவங்களுக்கோ என்ரை பிள்ளை?

24 மார்ச்
குருத்தோலை ஞாயிறு. பூசை முடிய ஒந்த்ரே சாப்பிட வந்தான். கணவாய்க் கறியை உறைக்கிறது என்று ஒரு சொல் சொல்லாமல் தின்றான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேரே கேட்டேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். உன் வீடு யாருடைய வீடு? கரண்டியை வைத்தான். அந்தச் சனத்தில் கனபேர் ஹிட்லரை மாலை போட்டு வரவேற்றவர்கள், அதையும் கேளுங்கள் என்றான். பிள்ளைகளுமா வரவேற்றார்கள் என்றேன். பிறகு சொன்னான்: அந்த வீட்டில் பிறந்த ஒருத்தி கிழவியான பிறகு பஸ்ஸில் வந்தாளாம். அவனுடைய தாய் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவள் வரவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டாளாம். கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அதோடு விட்டிருக்கலாம். போன ஞாயிறு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து வீட்டை விசாரித்தானாம், அன்றிலிருந்து தாய்க்கு நித்திரையே இல்லையாம் என்றான். துஷாந்தி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த உடனே விளங்கிவிட்டது அவளுக்கு.

25 மார்ச்
போய்விட்டாள். பெட்டியோடு. சின்ன வயதிலிருந்து பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"எங்கட வீட்டை எடுத்தவங்களை வாழ்நாள் முழுக்கத் திட்டுறியள் அப்பா. இப்ப நீங்களே ஆளனுப்பி ஒரு மனுசியை அவவின்ரை வீட்டுக்குள்ளை வைச்சு வெருட்டியிருக்கிறியள்."

அவவின்ரை வீடாம். கலியாணத்துக்கு வரவேண்டாம் என்பதைப் பிரெஞ்சில் சொன்னாள். நான் எப்போது வரக் கேட்டேன்?

1 ஏப்ரல்
நேற்று பாஸ்குப் பெருநாளும் போயிற்று. ஃபோன் எடுக்கிறாள் இல்லை.

14 செப்டெம்பர்
கலியாணத்துக்கு றஜனி மட்டும் போயிருக்கிறாள். நான் மூட்டை இறக்கினேன். யோகநாதன் லீவு எடு என்றான். எதற்கு?

2 பெப்ரவரி 2025
இருவரும் அந்த ஊருக்கே போய்விட்டார்களாம். வீட்டிலிருந்தே கொம்பியூட்டரில் வேலையாம், அந்த வீட்டுக் கூரையைத் திருத்துகிறார்களாம். றஜனி படம் காட்ட வந்தாள். பார்க்க மாட்டேன் என்று கத்தினேன். அவள் குளிக்கப் போன பிறகு பார்த்தேன். பழைய கதவு. கனமான மரம். ஜெர்மன்காரர் விட்டுப்போன அதே கதவாகத்தான் இருக்கும்.

28 ஜூன்
கடைக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து மனுசி ஒருத்தி வந்தாள். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே மகள் எங்கே என்று கேட்டாள். செக்கில் என்றேன். செக்கில் எந்த ஊர் என்றாள். எங்கள் சனம் அதைக் கேட்காமல் விடுமா?

ஸ்தாரா லூக்கா என்றேன். வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. ஓடையோடு ஒரே தெரு, நடுவில் குளம், குளத்தடியில் கோயில், கோயிலுக்கு முன்வீடு.

"சொந்த வீடோ அண்ணை?"

கல்லாவில் இருந்த யோகநாதன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓம்," என்றேன். "சொந்த வீடு."