நிரை பார்க்கப் போன வகுப்பு

இன்று காலை வகுப்பறை யன்னலைத் திறந்ததும், வெட்டிய தேயிலைக் கிளைகளின் பச்சை வாசனை உள்ளே வந்தது. மேல்மலையில் கவ்வாத்து நடக்கிறது. யன்னலைச் சாத்திவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அக்கரப்பத்தனைத் தோட்டப் பள்ளியில் நீ தரம் மூன்றுக்கு டீச்சர், நான் தரம் நான்குக்கு. பெருக்கலில்தான் நமக்குள் ஓயாத சண்டை. நான் வாய்பாட்டை ஒப்பிக்க வைப்பேன். நீ போத்தல் மூடிகளைக் கூறு கூறாக வைப்பாய். தரையில் கோடு கீறி மும்மூன்றாகத் தாவச் சொல்வாய். "பாட்டா பாடுனா கணக்கு வந்துருமா டீச்சர்? புள்ளைங்க கண்ணால பாக்கணும்" என்பாய்.

பாடப்புத்தகத்தில் 'நிரை' என்ற சொல்லைக் கண்டதும் சிரித்தாய். "இது நம்ம சொல்லு. இவங்க அம்மாமாரு தெனம் நிரை புடிச்சுத்தானே கொழுந்து எடுக்குறாங்க!" அன்றே பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த மலைக்குக் கூட்டிப்போனாய். என் வகுப்பு வாசல்வரை உங்கள் சத்தம் கேட்டது.

"நாலு நிரை, ஆறாறு செடி. இப்ப இந்தப் பக்கம் வந்து பாருங்க."

"டீச்சர், இங்கேருந்து ஆறு நிரை, நாலு நாலா இருக்கு! ஆனா அதே செடிதான்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். நீ கைதட்டினாய்.

அந்த நேரம் பார்த்து, மரத்திலிருந்த குளவிக்கூட்டைப் பருந்து கலைத்தது.

"படுங்க! மொகத்த மூடிக்கிட்டுப் படுங்க!" என்று உன் குரல் கேட்டது.

நாங்கள் தீப்பந்தங்களோடு ஓடி வந்தபோது, அந்தச் சிறுமியை முந்தானையால் மூடி அவள்மேல் கவிழ்ந்து கிடந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தோட்டத்து லொறியில், என் மடியிலேயே உன் மூச்சு நின்றது.

"வாய்பாட்ட பாடமாக்குனா போதாதா? மலைக்கு எதுக்குக் கூட்டிப் போனாங்க?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் கேட்டார். சிறுமியின் தாய் எழுந்தாள். "அவங்க இல்லாட்டி எம்புள்ள இல்லீங்க." அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு எந்த வகுப்பும் வெளியே போவதில்லை.

அந்தப் பிள்ளைகள் இப்போது என்னிடம். ஒப்பிக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மேசையில் மூடிகளைத்தான் அடுக்குகிறேன். அந்தச் சிறுமி யன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். நேற்று ஏழெட்டு எத்தனை என்று அவளைக் கேட்டேன். மூடிகளைத் தொடவில்லை, விரலும் மடக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். எந்த மலையைப் பார்க்கிறாள் என்று புரிந்து, "வேணாம் தங்கம், விட்டுரு" என்றேன்.

"அம்பத்தாறு டீச்சர்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

சரிதான் என்றேன். நீ காட்டியது அவளுக்குள் அப்படியே இருக்கிறது. அதோடு சேர்ந்து உள்ளே போன மற்றதை எப்படி வெளியே எடுப்பது என்று உன்னிடம் கேட்க முடியவில்லை. அதைத் தேடிக்கொண்டுதான் தினமும் வகுப்புக்குள் போகிறேன்.