சேமியாவின் காது

ராஜபாளையம்
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷிஃபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. இங்கிலாந்தில், அந்த லீட்ஸ் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதினான்கு நாளாக நீ போன் செய்யும் நேரமாகப் பார்த்து நான் வெளியே கிளம்பிவிடுகிறேன், அத்தாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். கோபம் தீரவில்லைதான். அரசாங்கப் பரீட்சையில் தேறி ஆர்டருக்குக் காத்திருந்த பெண்ணுக்கு ஆசை காட்டி விமானம் ஏற்றிய உன் மாமா ஜபருல்லாவை நான் மன்னிக்கப்போவதில்லை. எனக்குப் பின்னால் ஆபீசில் சேர்ந்த காசிராஜன் எனக்கு மேலே உட்கார்ந்ததையே பதினோரு வருடமாக மறக்காதவன் நான். ஆனால் போனுக்கு வராததற்குக் காரணம் அது இல்லை, உன் பூனை சேமியா.

நீ போன பிறகு அது மாறிவிட்டது. மண் போட்டு வைத்த பேசினை விட்டுவிட்டு என் மெத்தையில் மூத்திரம் பெய்தது. அடிவயிற்றை நக்கி நக்கி ரோஸ் தோல் தெரிந்தது. தட்டை வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்தால்தான் தின்றது, திடீரென்று பீரோ மேல் ஏறினால் மணிக்கணக்கில் இறங்காது. உன் மாமா பார்த்துவிட்டு, இதுக்குத் திமிரு மச்சான், எங்க வ. புதுப்பட்டி குடோன்ல எலி எம்புட்டோ கெடக்கு, நாலு நாள் பட்டினி போட்டா தன்னால அடங்கிரும், ஒரு மாசம் பாப்போம், பொறவு நானே வந்து சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போறேன் என்றார். மெத்தையை நாலாவது தடவை காயப்போட்ட சலிப்பில் அம்மாவும் தலையாட்டினாள். பெண்ணை அனுப்பிய கை பூனையையும் அனுப்புவதா என்று மறுநாளே லீவு போட்டு, கூடையில் வைத்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை டாக்டர் சத்யப்பிரியாவிடம் காட்டினேன். முதலில் மூத்திரத்தைச் சோதித்து, கல்லோ அடைப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஒடம்புல ஒண்ணும் இல்ல சார், எதுக்கோ பயந்துக்கிட்டே இருக்கு, எப்ப எப்ப ஒளியுதுன்னு பத்து நாள் எழுதிட்டு வாங்க என்றார்.

எழுதுவது எனக்குப் புதிதா. நேரம், காது, வால், கண் என்று கட்டம் போட்டேன். முதலில் காது பின்னால் மடிகிறது, பிறகு வால் தரையில் அடிக்கிறது, கண்மணி விரிந்து கண்ணெல்லாம் கறுப்பாகிறது, அதற்கப்புறம்தான் பீரோ. பத்து நாளில் ஒன்பது தடவை ஏறியிருக்கிறது, ஒன்பதும் மாலை ஏழு மணிக்கு மேல், நீ போன் செய்த நேரம். உன் குரலுக்கு ஏங்குகிறது என்று நினைத்து ஸ்பீக்கரை அதன் பக்கமே திருப்பி வைத்தேன். பதினோராம் நாள் பள்ளிவாசலிலிருந்து வரத் தாமதமானது, நீயும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தீர்கள். வாசலிலிருந்து பார்த்தேன், சேமியா போன் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. நான் உள்ளே வந்து, தினமும் கேட்பது போலவே அதட்டலாக, அவளுக்கு இன்னும் ஊர் திரும்ப மனசு வரலையாமா என்று கேட்டேன், உடனே காது மடிந்தது. இத்தனை நாளும் அது ஏறியது என் குரலுக்கு, ஷிஃபா.

அன்றிலிருந்து ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு தடவைதான் பீரோ ஏறியது, அதுவும் காசிராஜன் ஆபீஸ் விஷயமாக எனக்குப் போன் செய்த அன்று. பேசினுக்கு ஒழுங்காகப் போகிறது, வயிற்றில் பஞ்சு போல முடி முளைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு உன் மாமா சொன்ன மாதம் முடிகிறது, வெறும் சாக்கோடு அவர் திரும்புவதைப் பார்க்கவே லீவு சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைச் செல்லில் படம் பிடித்து அம்மா இன்றே அனுப்புவாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள். வருகிற ஞாயிறு நான் போனுக்கு வருவேன், சேமியா என் மடியில் இருக்கும். நீ போனது தவறு என்ற என் அபிப்பிராயம் மாறவில்லை, அதையும் சொல்வேன், அதன் காதைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். காது மடிந்தால் நிறுத்திக்கொள்வேன். அத்தா போனை வைத்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், நீ பேசு.

உன் அத்தா,
அபுபக்கர்