முந்தைய அளவு, இப்போதைய அளவு

மார்ச் 4, செவ்வாய்

இன்று மகள் வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன். போன மாதத்துக்குப் பதினொரு யூனிட். யூனிட்டுக்கு ஆயிரம் லிட்டர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு அது அளவான செலவு. ஒழுகல் இல்லை, வீணடிப்பு இல்லை. அவள் அம்மா வளர்த்த வளர்ப்பு. அம்மா போய் ஆறு வருடம் ஆகியும் குழாயை இறுக்கித்தான் மூடுகிறாள்.

அந்தத் தெரு என் பங்கு இல்லை. கூட மீட்டர் பார்க்கிற மொட்டையனிடம் மூன்று தெருவைக் கொடுத்து அந்த ஒன்றை வாங்கினேன்.

"அண்ணே, அந்தத் தெருவுல அப்படி என்ன புதையல்?" என்றான்.

"நாய் கம்மிடா" என்றேன்.

மீட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது. கதவைத் தட்ட வேண்டியதில்லை. தட்டினாலும் திறக்கமாட்டாள். எங்கள் சபை என்னை விலக்கி வைத்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. விலக்கப்பட்டவனோடு பேசக் கூடாது, உட்காரக் கூடாது, அவன் கொடுப்பதை வாங்கக் கூடாது. அவள் ஒன்றையும் மீறவில்லை. ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன், அதுதான் குற்றம். ஐம்பத்தாறு வயதில் கேள்வி கேட்கத் தோன்றிய மூளையை என்ன சொல்ல? பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் பத்தாவதாவது தேறியிருப்பேன்.

மார்ச் 8, சனி

காலையில் கதவு தட்டும் சத்தம். இரண்டு பெண்கள். முழங்காலுக்குக் கீழே பாவாடை, சட்டையில் கறுப்புப் பெயர் வில்லை. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. மார்மன் சபையாம், அமெரிக்காவில் பிறந்த சபை.

உள்ளே வரச் சொன்னேன். ஆண்பிள்ளை தனியாக இருக்கும் வீட்டுக்குள் வரமாட்டார்களாம். அதுவும் ஒரு சட்டம். சட்டம் இல்லாத கதவே எனக்கு வாய்க்காது போலிருக்கிறது.

நெட்டை ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இருபத்தாறு வருஷம் நானும் இதே தொழில் பார்த்தவன்மா. வேற சபைக்கு. நீங்க எடுத்த எடுப்புல கடவுளைச் சொல்றீங்க. மேகம் கட்டியிருக்குன்னு ஆரம்பிங்க. அப்புறம், கதவை ஒட்டி நிக்காதீங்க, ரெண்டடி தள்ளி நில்லுங்க. உள்ள இருக்கிறவன் பயப்படுவான்."

குட்டை ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். நெட்டை கேட்டாள், "அப்ப ஏன் விட்டீங்க அய்யா?"

நல்ல கேள்வி. பயிற்சி கொடுத்தது நான்தானே, மாட்டிக்கொண்டேன். "அது பெரிய கதைம்மா" என்றேன்.

தங்கள் வேதம் என்று ஒரு நீல அட்டைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். போகும்போது குட்டை சொன்னாள்: "குடும்பம் சாவோட முடிஞ்சிடாதுன்னு நாங்க நம்பறோம்."

கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்டு கொஞ்சம் வளைந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம். தூக்கம் வந்தது. புத்தகத்தின் குறையா, படித்தவன் குறையா?

மார்ச் 16, ஞாயிறு

போய்விட்டேன். டயர் கடைக்கு மேலே ஒரு கூடம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ரப்பர் வாடை. எல்லோரும் கை கொடுத்தார்கள். ஒன்றேகால் வருடத்தில் என் கையை இத்தனை பேர் தொட்டது இன்றைக்குத்தான். திரும்ப வரும்போது கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

கூட்டம் முடிந்ததும் நெட்டையிடம் நேராகவே கேட்டேன். "உங்க சபையில ஆளை வெளிய போடுவீங்களா?"

தயங்கினாள். மறைக்கவில்லை. "பேரை எடுக்கறது உண்டு அய்யா. ஆனா அவங்க இங்க வந்து உக்காரலாம். வீட்டுல யாரும் பேசாம இருக்கச் சொல்றதில்ல."

"சாப்பிடலாமா? ஒரே மேஜையில?"

"சாப்பிடலாமே" என்றாள். எதற்கு இதைக் கேட்கிறான் என்று முகம் சுருங்கியது.

டீ, காபி கூடாதாம். அங்கேதான் என் விசுவாசம் ஆட்டம் கண்டது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார்கள். குடும்ப மரம். நடுவில் நான், மேலே அப்பா அம்மா, அதற்கு மேலே தாத்தாக்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, இடம். செத்துப்போனவர்களுக்குப் பதிலாக உயிரோடிருப்பவன் ஆலயத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கலாமாம். அதை ஏற்பதும் தள்ளுவதும் செத்தவர் இஷ்டம். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவிடம் முதல் தடவையாக அவர் இஷ்டத்தைக் கேட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் அதற்கு நான் முதலில் முழுக்கு எடுக்க வேண்டும். எடுத்தால் என் பழைய சபைக்கு நான் விலக்கப்பட்டவன் இல்லை, வெட்டப்பட்டவன். விலக்கப்பட்டவன் திரும்பி வரலாம். வெட்டப்பட்டவன் வர முடியாது. அவன் நடமாடும் இடத்தில் பிள்ளைகள் குடியிருக்கவும் கூடாது. மகள் எனக்கு இருப்பதே அந்த மீட்டர் அளவுக்குத்தான். அதுவும் போகும்.

தாளில் அப்பா இறந்த தேதிக் கட்டம் காலி. எனக்குத் தெரியாது.

மார்ச் 22, சனி

டீ இல்லாமல் ஆறாவது நாள். மொட்டையன், "அண்ணே, மூஞ்சி செத்த மீட்டர் மாதிரி இருக்கு" என்கிறான்.

மார்ச் 27, வியாழன்

அரை நாள் லீவு போட்டு, பிறப்பு இறப்புப் பதியும் அலுவலகம் போனேன். குமாஸ்தா அம்மா பழைய பதிவேட்டைத் தூசி தட்டித் தேடிக் கொடுத்தார். அப்பா பெயர் இருந்தது. செப்டம்பர் 19. அரசு ஆஸ்பத்திரி. பதினான்கு வருடம் முன்பு. உறவினர் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து, குண்டு குண்டாக.

"நீங்க யாரு அவருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரிஞ்சவர்" என்றேன்.

இன்னும் திருந்தவில்லை நான்.

மார்ச் 30, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அப்பா பஸ் கண்டக்டர். கூட வேலை பார்த்த டிரைவரின் மகள் கல்யாணத்துக்குப் போய், வேறு மதத்துக்காரர்கள் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரோ பார்த்துவிட்டார்கள். சபையில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "சோறு சாப்பிட்டதுக்கா? நல்லா இருந்துச்சுய்யா, ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன்" என்றார். அப்படித்தான் விலக்கப்பட்டார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஒன்பது வருடம். அவர் வேறு பக்கம் போய்த் தனி அறையில் இருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். "உங்க அப்பா உங்களைக் கேக்கறாருங்க. ரெண்டு நாள் தாங்கறதே கஷ்டம்" என்றாள். நான் சொன்னேன், "ராங் நம்பர்."

எனக்குப் பக்கத்தில் தரையில் படுத்து மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயசு. "யாருப்பா?" என்றாள். "ராங் நம்பர்மா" என்றேன் மறுபடி. அவளிடமும்.

இப்போது நான் போன் போட்டால் அவள் அதையேதான் சொல்கிறாள். படித்த பாடத்தை மறக்காத பிள்ளை.

கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி இதுதான்: அன்று நான் போகாதது சரியா? என்ன பெரிய கேள்வி. பதில் எனக்கே தெரியும், ஊரைக் கூட்டிக் கேட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பதினெட்டு யூனிட்.

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பதினெட்டுதான். குழாய் ஒழுகினால் யாரும் தண்ணீர் பிடிக்காதபோதும் மீட்டர் முள் சுற்றும். சுற்றவில்லை. விருந்தாளி வந்தால் ஒரு வாரம், இரண்டு யூனிட் கூடும். ஒரே மாதத்தில் ஏழு கூடினால் ஒன்றுதான் அர்த்தம், எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றார். "என்னங்க, மீட்டர் ரிப்பேரா?"

"இல்லம்மா. இந்த வீட்டுல தண்ணி கூடியிருக்கு."

"கூடாம? குழந்தை பொறந்து ஒரு மாசமாச்சே. பொம்பளப் புள்ள. தொண்டையப் பாருங்க அதுக்கு, எங்க வீடு வரைக்கும் கேக்குது. துணி அலசி அலசியே அந்தப் பொண்ணு ஓய்ஞ்சு போச்சு. தாயும் இல்லையாம், தகப்பனும் இல்லையாம்."

சரிங்க என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்காமலே ஏதோ ஒரு எண்ணை எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தடவை.

ஏப்ரல் 5, சனி

தாத்தா. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். காலி வீட்டில் கேட்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

டயர் கடை மாடிக்குப் போகவில்லை. மூப்பரைப் பார்க்கப் போனேன். எங்கள் பழைய சபையின் மூப்பர், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"வாங்க தம்பி. உக்காருங்க… இல்ல, நின்னுக்கிட்டே பேசுவோம். கோவிச்சுக்காதீங்க" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"பேத்தி பொறந்திருக்காம்" என்றேன்.

"கேள்விப்பட்டீங்களா. நல்ல குழந்தை. நாந்தான் ஜெபிச்சு பேர் வச்சேன்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முன்னமே தயார் செய்து வைத்திருக்கிறார். "இதுல கையெழுத்துப் போடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை சபைக்கு வாங்க. அன்னிக்கே குழந்தையைத் தூக்கலாம்."

மூன்று வரி. நான் கேள்வி கேட்டது தப்பு. போடலாம், கல்யாணம் ஆனவன், தப்பு என்று ஒத்துக்கொள்வதில் எனக்கு அனுபவம் உண்டு. அந்நியச் சபையாரைச் சந்திக்கமாட்டேன். அதையும் போடலாம், டீயாவது திரும்பக் கிடைக்கும். மூன்றாவது: என் தகப்பனார் விஷயத்தில் நான் செய்தது கடவுளுக்கு முன் சரியானது.

பேனா அவருடையது, நல்ல கனம். இரண்டு வரிக்குப் பக்கத்திலும் போட்டேன். மூன்றாவதில் கை நகரவில்லை.

"என்ன தம்பி, ஒரு வரிதானே."

"அவர் என்னைக் கேட்டாருங்க. ஆஸ்பத்திரியில."

"தெரியும். அன்னிக்கு நீங்க உறுதியா நின்னீங்க."

உறுதியா நின்றேனாம். என் அப்பா தனியாகக் கிடந்து செத்ததற்கு இவரிடம் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பேனாவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

போட்டுத் தொலைத்தால் என்ன? அப்பா செத்தாயிற்று. அவருக்கு இனி வலிக்குமா? குழந்தை உயிரோடு இருக்கிறது. ஒரு கிறுக்கல். மூன்று கிலோவோ நான்கு கிலோவோ கைக்கு வரும்.

ஏப்ரல் 17, வியாழன்

போட்டால், என்றைக்காவது அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது ஒரு போன் வரும். நான் என்ன சொல்வேன் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாடிக்குப் போனேன். நெட்டையிடமும் குட்டையிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், போன் உட்பட. குட்டை அழுதுவிட்டாள். நெட்டை, "அவசரப்படாதீங்க அய்யா. முழுக்கு எங்கயும் ஓடிப்போகாது. பொண்ணு போயிடுவாங்களே" என்றாள்.

கதவைத் தட்டி ஆள் சேர்க்க வந்தவள் வேண்டாம் என்கிறாள். இவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீண்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முழுக்குக்கு முன்னால் நேர்முகம். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி. விசுவாசிக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். "கடவுளை, முழுசா. உங்க தீர்க்கதரிசியை, பாதி. மீதியைப் படிச்சுட்டு வர்றேன்" என்றேன். சிரித்தான். பெரிய குற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்று கேட்டான்.

"சட்டப்படி இல்ல" என்றேன். சட்டப்படி இல்லாததைச் சொன்னேன்.

பட்டியலைக் கீழே பார்த்தான், மேலே பார்த்தான். கடைசியில் மூடி வைத்துவிட்டான். "எனக்கு இருபத்தோரு வயசுங்க. இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

தெரியாது என்று ஒரு சபைக்காரன் வாயால் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

மே 1, வியாழன்

மூப்பரிடம் பேனாவைக் கொடுத்தேன். சனிக்கிழமை முழுக்கு என்றும் சொன்னேன். "பொண்ணுக்கு நான் சொல்லியாகணும்" என்றார். "சொல்லுங்க" என்றேன்.

மே 3, சனி

வெள்ளை உடை, தொளதொள. தொட்டியில் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் இருக்கும், கண்ணளவில். முதல் முறை கால் பெருவிரல் மேலே வந்துவிட்டது. முழுசாக மூழ்கவில்லை, மறுபடி என்றார்கள் சாட்சிகள். மறுபடி. மூக்கில் தண்ணீர் ஏறி இருமினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உடை மாற்றும் அறையில் போய்த்தான் அழுதேன்.

பெரிய வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. குளிர்தான். ஆனால் தாளில் அப்பா பெயருக்கு நேரே மகன் என்று என் பெயரை எழுதினேன்.

மே 5, திங்கள்

பதினேழு யூனிட். கொடியில் சின்னத் துணிகள். இருபத்து மூன்று எண்ணினேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

ஜூன் 4, புதன்

இரண்டு யூனிட்.

முந்தைய அளவு, இப்போதைய அளவு, இரண்டையும் கழித்துப் பார்த்தேன். அவர்கள் செலவுக்கு இரண்டு யூனிட் என்பது மூன்றரை நாள். அப்படியென்றால் நான் போன தடவை வந்து போன நான்காம் நாளே. அதிலும் கொஞ்சம் வீட்டைக் கழுவிவிட்டதற்குக் கழிக்க வேண்டும். கழுவாமல் சாவி கொடுத்திருக்கமாட்டாள்.

கொடி காலி. பக்கத்து வீட்டம்மா வந்தார். "அவங்க காலி பண்ணிட்டாங்களே. திடுதிப்புன்னு. எங்கன்னு யாருக்கும் சொல்லல. ஏங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் பொண்ணும்மா" என்றேன்.

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பிறகு, குழந்தை பெயர் தெரியுமா என்று கேட்டேன்.

தெரிந்திருந்தது. சொன்னார். ஒரு தடவை அவரையே மறுபடி சொல்லச் சொல்லி, மீட்டர் புத்தகத்தில், "நாய் உண்டு", "கதவு பூட்டு" என்றெல்லாம் எழுதும் கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.