பஞ்சுத் தோட்டத்தில் என் வேலை

சீசா, பலெர்மோ, இத்தாலி
பங்குனி 14

அன்பின் அத்தானுக்கு,

மாதாவின் துணையால் நானும் நம் பிள்ளை மொனிகாவும் சுகம். உங்கள் இருமல் எப்படி? மாமியின் கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? மன்னார் வெயிலில் மத்தியானம் சைக்கிளில் திரியாதீர்கள்.

போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. எங்களுக்கு ஒரே அறைதான்; கதைப்பதெல்லாம் பிள்ளையின் காதில் விழும். அதனால் எழுதி, ஊருக்கு வரும் அருளையா அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் மாளிகையைச் சுற்றி ஒருகாலத்தில் பருத்தித் தோட்டம். கடலில் பிடிபட்ட ஆபிரிக்கர்களைத் துறைமுகத்தில் விலைக்கு வாங்கி, அங்கே அடிமைகளாக வைத்திருந்தார்களாம். ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரையும் மாற்றிவிடுவார்களாம். அவர்களை அடைத்துவைத்த நிலவறையை மாளிகைச் சொந்தக்காரி சின்யோராவின் மகன் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார். சன்னல் கிடையாது. சுவரில் இரும்பு வளையங்கள் அப்படியே இருக்கின்றன.

முதலில் அங்கே கூட்டித் துடைப்பதுதான் என் வேலை. தை மாதம் அவர் ஒரு சாக்குத்துணிச் சட்டையைத் தந்தார். ஆட்கள் வரும்போது அதைப் போட்டுக்கொண்டு, தரையில் குந்தி இருந்து பஞ்சில் விதை எடுக்கவேண்டும். வாய் திறக்கக்கூடாது. உன் நிறம் பொருத்தம் அனிற்றா, இது மறக்கக்கூடாத சரித்திரம் என்று அன்பாகத்தான் சொன்னார். உங்களை இங்கே கூப்பிட அவர்தான் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தரவேண்டும். ஓம், செய்கிறேன் என்றேன்.

போன செவ்வாய் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். மொனிகாவின் வகுப்பு. நான் துப்புரவு வேலை செய்வதாகத்தான் அவளுக்குத் தெரியும்.

ஒரு பெடியன் இத்தாலியனில் உரக்கச் சொன்னான்: "மொனிகா, இந்த அடிமைக்கு உன்ரை முகம்! உன்ரை அம்மாவோ?"

எல்லாரும் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "இல்லை, ஆரெண்டு தெரியாது" என்றாள்.

ஆசிரியை என் பக்கம் குனிந்து, எந்த நாடு என்று கேட்டார். பிள்ளை சொன்னது பொய்யாகிவிடக்கூடாதே என்று, இத்தாலியன் விளங்காதவளைப் போல விதை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் நான் வர, சோறு காய்ச்சி வைத்திருந்தாள். "சாப்பிடுங்கோ அம்மா" என்றாள். அவ்வளவுதான். அவளுடைய மீன் துண்டும் என் சோற்றுக் கோப்பையில்தான் இருந்தது.

மறுநாள் சின்யோராவின் மகனிடம், துடைக்கிற வேலையை மட்டும் தாருங்கள் என்று கேட்டேன். அப்படியானால் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்கவேண்டும் என்றார். அருளையா அண்ணையோ, "கையெழுத்து விழும்வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை" என்கிறார். நாளைக்கும் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. போகத்தான் போகிறேன்.

மடு மாதா உங்களையும் மாமியையும் காக்கட்டும். மொனிகாவைக் கோபிக்கவேண்டாம், இதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவும் வேண்டாம். போனில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், அம்மாவை உரித்து வைத்தமாதிரி இருக்கிறாய் என்பீர்களே, கொஞ்சக் காலத்துக்கு அதை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள்
அனிற்றா