ஆற்றங்கரையில் ஒரு ரிக் வண்டி

பள்ளிபாளையம்,
நவராத்திரி முதல் நாள்.

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. அங்காளம்மன் தயவில் இங்கு எல்லோரும் சுகம்.

இன்று மாலை கொலு பார்க்க வந்தவர்கள்: எதிர் வீட்டு அங்கம்மாள், உன் பெரியம்மா முத்தாயம்மாள், தறிப்பட்டறை ரஞ்சிதா, அவள் மகள் யுவஸ்ரீ. ஆக நாலு பேர். உங்கப்பாவோடு ஐந்து. நிச்சயத்தை நிறுத்திவிட்டு நீ கல்கத்தா வேலைக்குப் போன இந்த ஒன்றரை வருஷமாக, உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர் இன்று கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அதனால் சேர்த்திருக்கிறேன்.

நீ எனக்கு அனுப்பிய பழைய படத்தைப் பார்த்துத்தான் கொலு வைத்தேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய கல்கத்தா ஹூக்ளி ஆறும் கப்பல் துறையும். என் நீல ரவிக்கைத் துணிதான் ஆறு. ஈர்க்குச்சிப் பாய்மரத்தோடு கப்பல் ஒன்பது. ராகி அடைத்த குட்டி மூட்டை முப்பத்தாறு. சுமக்க ஆள் போதாமல் கல்யாணக் கோஷ்டி பொம்மைகளைக் கரையில் இறக்கிவிட்டேன். நாதஸ்வரக்காரர் தலையிலும் ஒரு மூட்டை.

மூட்டை தூக்கும் கிரேன்தான் எனக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த உங்கப்பா, கேட்காமலே சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்ட கை. செய்து முடித்தபோது கரையில் நிமிர்ந்து நின்றது ரிக் வண்டியேதான்.

அங்கம்மாள் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத்தாத்தண்டி ஆறு ஓடுது, அதும் பக்கத்துல போர் போடறாங்களே, அந்த ஊர்ல தண்ணிக்கு அவ்வளவு பஞ்சமுங்களா?” என்று கேட்டாள். “கடல் தண்ணி ஏறி வர்ற ஆறுங்க, குடிக்க வேண்டாமா?” என்று உங்கப்பா சமாளித்தார். பெரியம்மா விடவில்லை. “எத்தனை அடிக்குங்க மாப்பிள்ளை கேசிங் குழாய் இறக்குனீங்க?” என்றாள். அவரே சிரித்துவிட்டார். நீ ரயிலேறிய பிறகு இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன்.

வந்தவர்கள் போனதும் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதில் கிரேனில் பாதியைப் பாய்மரம் மறைக்கிறது. “கை சுத்துமா, மேல கீழ மட்டும் போகுமா? அங்கயேதான இருக்கறா, போய்ப் பார்த்துச் சொல்லட்டும். நான் கேட்டேன்னு எழுதிராத” என்றார். எழுதவில்லை என்றே வைத்துக்கொள். போனில் சொன்னால் அவர் காதில் விழும் என்றுதான் குங்குமத்தோடு கூரியரில் அனுப்புகிறேன்.

பழைய கிரேன் ஏதாவது மிச்சமிருந்தால் போய்ப் பார். இல்லாவிட்டால் விசாரி. விஜயதசமியோடு கொலுவை எடுத்துவிடுவேன். பதிலை எனக்கு எழுதாதே, அவர் போனுக்கே கூப்பிடு. அரை மணிக்கு ஒருதரம் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மன் உன் கூடவே இருப்பாள். சீக்கிரம் பதில் சொல்லு சாமி.

உன் அம்மா,
கண்ணாத்தாள்