சுகமில்லாத நேரம்

மார்ச் 19, புதன்

வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலைதான், பெரிய பாரமில்லை. ஆனாலும் தட்டைத் தூக்கும்போதெல்லாம் வலது நெஞ்சு தன்னை நினைப்பூட்டுகிறது. தைப்பூசத்தன்று நுரையீரல் சுருங்கி, விலாவுக்குள் குழாய் போட்டுக் கிடந்தேன். நெட்டையாய் மெலிந்த பெடியன்களுக்குத்தான் இது வழமையாம். அதைக் கேட்டு வினோஜன் சிரித்த சிரிப்பு! "நீர் உதில எது, நெட்டையோ பெடியனோ?" என்ன மனுசனோ. கட்டினது நான், ஆரை நோக?

போன கிழமை வலது தோளில் ஒரு குத்து. இரண்டு நாளில் போய்விட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

வினோஜனின் அக்கா, கௌரி மச்சாள், பியர்பொன்ட்ஸிலிருந்து போன் எடுத்தா. மகன் நிதுசனுக்கு ஆவணியில் கலியாணம். "ஆலாத்தி நீதான் எடுக்கவேணும் தாட்சா, இப்பவே சொல்லிப்போட்டன்." மாப்பிள்ளைக்கு ஆரத்தித் தட்டுச் சுற்றுவதுதானே, ஓம் என்றேன். தம்பி பெண்சாதி எடுக்காமல் வேறு யார் எடுப்பது?

ஏப்ரல் 11, வெள்ளி

திரும்பவும். அதே வலது பக்கம், அதே குழாய்.

நேற்று விடிய உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ நெஞ்சுக்குள் கதவை அடித்துச் சாத்தினது போல. மூச்சு பாதியில் நின்றது. வினோஜன் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

டொக்டர் பெயர் கத்தரின். நல்ல மனுசி, கண்ணைப் பார்த்துக் கதைக்கிறா. என் பிரெஞ்சு மூலைக்கடை டெப்பனர் வரைக்கும்தான் போகும். அதனால் மொழிபெயர்க்க நீலாவதி என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மதுரையாம். "எப்பெப்ப இந்த மாதிரி வருதுன்னு கேக்குறாங்கக்கா." நான் மறைக்கவில்லையே, தெளிவாய்ச் சொன்னேன்: "சுகமில்லாத நேரத்திலதான் வாறது." அவள் சொல்ல, சுகமில்லை என்பதற்கான 'மலாட்' என்ற சொல் என் காதிலும் விழுந்தது. கத்தரின் தலையாட்டி எழுதினா.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. ஒருவரும் அதைப் பற்றித் திருப்பிக் கேட்கவில்லை. அப்போ அதில் ஒன்றுமில்லைப் போல.

ஏப்ரல் 17, வியாழன்

நெஞ்சில் துளை போட்டுக் கமரா விட்டுப் பார்த்தார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையில் சின்னச் சின்ன ஓட்டைகளாம். மண்ணிறப் புள்ளிகளும் இருந்ததாம். ஓட்டைகளைத் தைத்து, புள்ளியில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

புள்ளி என்றால்? புள்ளி எதால் வரும்? கத்தரின் "பார்ப்போம்" என்கிறா. டொக்டர்மார் "பார்ப்போம்" என்றால் என்ன கருத்து என்று எனக்குத் தெரியாதோ? பெரியப்பாவுக்கும் நுரையீரலில்தான் தொடங்கினது. அவருக்கும் முதலில் பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். மச்சாள் சீலை நிறம் கேட்டா. ஆவணிக்கு நான் இருப்பனோ எண்டே தெரியாது, இதுக்குள்ள நிறம்! கத்திவிட்டேன். பிறகு பச்சை என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

முடிவு வந்தது. வந்தும் வராததுதான். வீக்கம் இருக்காம், பழைய ரத்தக் கறை இருக்காம், காரணம் தெரியவில்லையாம். புற்றுநோய் என்று சொல்லவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. இன்னொரு முறை நெஞ்சைத் திறந்து பெரிய துண்டு எடுக்க வேணுமாம். மே ஒன்பதாம் திகதி.

நான் நீலாவதிக்குச் சொன்னேன், "அண்டைக்கு வேண்டாமெண்டு சொல்லும் பிள்ளை. அந்தக் கிழமை எனக்குச் சுகமில்லாமல் வரும்."

நீலாவதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உடம்பு சரியில்லாமப் போகும்னு முன்னாடியே எப்படிக்கா தெரியும்?"

"மாதா மாதம் வாறது தெரியாதோ?"

அவள் வாயில் கை வைத்தாள். "ஐயோ அக்கா... பீரியட்ஸா? நீங்க அன்னிக்கும் அதத்தான் சொன்னீங்களா?"

வேறென்னத்தைச் சொல்லுறது! எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது சுகமில்லாமல் வாறதுதான். அம்மா அப்படித்தான் சொன்னா, நானும் அப்படித்தான் சொல்கிறேன். மதுரையில் சுகமில்லை என்றால் காய்ச்சல் தடிமனாம். எனக்கு எப்படித் தெரியும்? தமிழ் தமிழ்தானே என்றல்லவா நினைத்தேன்.

நீலாவதி படபடவென்று பிரெஞ்சில் சொன்னாள். கத்தரின் பேனையை வைத்தா. "ஒவ்வொரு முறையுமா?" என்று கேட்டா. அந்தக் கேள்வி மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது.

ஏப்ரல் 25, வெள்ளி

இரவுச் சாப்பாட்டில் வினோஜனும் நானும் யோசித்துப் பார்த்தோம். தைப்பூசத்தன்று, நெஞ்சில் நோ வர முதலே, கோயிலுக்கு வரவில்லை என்று நான் ஏன் சொன்னேன்? சுகமில்லை. பங்குனி உத்தரத்துக்கு? சுகமில்லை. நடுவில் தோள் குத்தின கிழமை? அதுவும்தான். வினோஜன் கறிக்கையோடு எழும்பிப்போய்க் கலண்டரைப் பார்த்தார். "உம்மட நெஞ்சு பஞ்சாங்கம் பார்க்குதடியப்பா" என்றார். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மாதவிடாய்க்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? விசர்க்கதை போலத்தானே கிடக்கு.

ஏப்ரல் 29, செவ்வாய்

கத்தரின் சொல்லி நீலாவதி போன் எடுத்தாள். இப்போதைக்குத் திரும்ப நெஞ்சைத் திறக்க மாட்டார்களாம். முதல் எடுத்த அதே துண்டு மெழுகுக்குள் பத்திரமாய் இருக்காம். அதையே இன்னும் உள்ளுக்குப் போய் மெல்லிசாய்ச் சீவி, வேறு சாயம் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். கர்ப்பப்பைத் திசுவுக்கு மட்டும் பிடிக்கிற சாயம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை!

முன்னம் அந்தத் துண்டைச் சோதித்தவருக்கு ஒரு பெண்ணின் நுரையீரல் இரண்டு முறை சுருங்கியது என்று மட்டும்தான் எழுதிப் போயிருக்கிறது. எதைத் தேடுவது என்று தெரியாமல் அந்த மனுசன் என்ன செய்வார்? என் முகத்தையே காணாத ஒருவர், நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வடிவாய்ப் பாருங்கோ ஐயா. கெஞ்சிக் கேக்கிறன், வடிவாய்ப் பாருங்கோ.

மே 3, சனி

நித்திரை இல்லை. சாயம் பிடிக்காவிட்டால் பிறகு என்ன? சுகமில்லாமல் வாற ஒன்பதாம் திகதி வேறு கிட்டுகிறது.

மே 6, செவ்வாய்

பிடித்திருக்கிறது.

கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் இருக்க வேண்டிய திசு, என் நெஞ்சுக்குக் கீழே குடியிருக்கிறது. பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பை உதிரும்போது அதுவும் சேர்ந்து உதிரும். ஓட்டை விழும், காற்றுப் போகும், நுரையீரல் சுருங்கும். முதல் சீவலில் அது அகப்படவில்லை. உள்ளுக்குப் போன சீவலில் ஒரு கடுகளவு இருந்ததாம்.

"கான்சர் இல்லக்கா" என்று நீலாவதி, கத்தரின் சொல்லி முடிக்க முதலே சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. நான் குழந்தைப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதன். வினோஜன் கத்தரினுக்கு நன்றிக்கு மேல் நன்றியாய் எத்தனை மெர்சி சொன்னாரோ.

இன்றே குளிசை தொடங்கிவிட்டேன். மாதவிடாயை நிற்பாட்டி வைக்கும் குளிசை. இந்த மாதத்தில் வாறதை நிற்பாட்டக் குளிசை பிந்திப் போயிருக்கலாமாம். மூச்சு முட்டினால் உடனே வா என்றா கத்தரின்.

மே 9, வெள்ளி

வந்தது. நெஞ்சில் கை வைத்தபடி நாள் முழுக்க இருந்தேன். தோள் மட்டும் குத்தியது. தையல் பிடித்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு வர வேணும். வரவில்லை.

மூச்சு வருகிறது, போகிறது.

ஜூலை 15, செவ்வாய்

படம் எடுத்தார்கள். நுரையீரல் விரிந்தபடியே இருக்கிறதாம். வெளியே நீலாவதியைக் கண்டேன். இப்போது யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்தால் "எந்தச் சுகமில்லை?" என்றுதான் முதலில் கேட்கிறாளாம். போன கிழமை ஒரு கிழவரிடமும் கேட்டுவிட்டாளாம். அவர் முறைத்தாராம். பஸ் வரும்வரைக்கும் சிரித்தேன். சிரித்தும் நோகவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கலியாணம் முடிந்தது. கால் உளைகிறது, பச்சைச் சீலையில் குங்குமக் கறை.

மாப்பிள்ளை வாசலுக்கு வரும் நேரம், கௌரி மச்சாள் என்னை ஒரு பக்கம் இழுத்துக் காதுக்குள் கேட்டா. எங்கள் ஆட்கள் ஆலாத்தித் தட்டைக் கையில் தர முதல் எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான்.

"தாட்சா, சுகம்தானே?"

"ஓம் மச்சாள்" என்றேன். "சுகம்தான்."

தட்டை வலது கையாலேயே வாங்கினேன்.